சர்வரில் சென்சார் டிரைவர் பிழைகள்: ஏசிபிஐ பவர் மீட்டரும் ‘ரிசோர்ஸ் பிஸி’ செய்தியும்

தரவுமாடம் எழுதியது:

வணக்கம். இரண்டு பிராசசர்கள் கொண்ட ரேக் சர்வர் ஒன்றில் டெபியனை நிறுவி, நோட் எக்ஸ்போர்ட்டர் வழியாகக் கண்காணிப்பைத் தொடங்கியதிலிருந்து கர்னல் பதிவு ஒரே பிழையால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று வரிகள் வருகின்றன. எஸ்எம்பஸ் அல்லது ஐபிஎம்ஐ என்ற வன்பொருள் தொடர்பு வழிப் பகுதியில் எழுதுவதற்கு 66 நீளமுள்ள பஃபர் தேவை, கிடைத்ததோ 32 என்று முதல் வரி சொல்கிறது. பிஎம்எம் என்ற மெத்தட் ‘ஏஇ ஏஎம்எல் பஃபர் லிமிட்’ என்ற பிழையோடு பாதியில் நின்றுவிட்டதாக இரண்டாவது வரி சொல்கிறது. மூன்றாவது வரி அதையே பவர் மீட்டரின் பெயரைச் சேர்த்துத் திரும்பச் சொல்கிறது.

கண்காணிப்பு மென்பொருள் 15 விநாடிக்கு ஒருமுறை அளவீடுகளை எடுக்கிறது. பிழைகளும் அதே இடைவெளியில்தான் வருகின்றன. ‘சென்சார்ஸ்’ கட்டளையை இயக்கினால் கோர்டெம்ப் காட்டும் பிராசசர் வெப்பநிலைகள் சரியாகவே இருக்கின்றன. பவர் மீட்டரின் வரியில் மட்டும் மதிப்பு இல்லை. மின்சார அளவை எடுக்கும் சென்சார் பழுதாகிவிட்டதா? மதர்போர்டை மாற்ற வேண்டிய நிலையா? எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்று வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நெடுவழி எழுதியது:

இது ஆபத்தில்லாத செய்தி. கர்னலின் லாக்லெவலைக் குறைத்துவிடுங்கள், அல்லது ஆர்சிஸ்லாக் என்ற பதிவு நிரலில் ‘ஏசிபிஐ எரர்’ என்று தொடங்கும் வரிகளை எல்லாம் தள்ளிவிடும்படி ஒரு விதி எழுதிவிடுங்கள். எங்களிடம் இருக்கும் சர்வர்களில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், எந்தச் சிக்கலும் இல்லை.

வேர்முனை எழுதியது:

வரிகளை வடிகட்டுவதற்கு முன்னால் அவை எங்கே பிறக்கின்றன என்று பார்த்துவிடுவோம். சென்சார் பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. கேள்வி சென்சார் வரை போய்ச் சேரவே இல்லை.

நோட் எக்ஸ்போர்ட்டர் சிஸ் அடைவுக்குள் எச்டபிள்யூமான் என்ற வன்பொருள் அளவீட்டுப் பகுதியில் இருக்கும் ‘பவர்1 ஆவரேஜ்’ என்ற கோப்பைத் திறக்கிறது. அந்தக் கோப்பை வைத்திருப்பது ‘ஏசிபிஐ பவர் மீட்டர்’ என்ற டிரைவர். அந்த டிரைவருக்குத் தானாக வன்பொருளைத் தொடத் தெரியாது; பயாஸ் தந்த ஏசிபிஐ (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் தரநிலை) அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும் பிஎம்எம் மெத்தடை இயக்கச் சொல்லிக் கர்னலைக் கேட்கிறது. அந்த மெத்தட் ஐபிஎம்ஐ வழியாக பிஎம்சி எனப்படும், மதர்போர்டிலுள்ள தனி மேலாண்மைச் சில்லிடம் கேட்க வேண்டும், பிஎம்சிதான் பவர் சப்ளையிடமிருந்து வாட் கணக்கைப் பெற்றுத் தர வேண்டும். உங்கள் சர்வரில் இந்தச் சங்கிலி மெத்தடுக்குள்ளேயே அறுந்துபோகிறது.

காரணம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ஏசிபிஐ வழியாக ஐபிஎம்ஐயோடு பேசும் பஃபரில் நிலையைச் சொல்ல 1 பைட், நீளத்தைச் சொல்ல 1 பைட், தரவுக்கு 64 பைட், ஆக 66 பைட் இருக்க வேண்டும். பயாஸ் எழுதியவர்கள் 32 பைட் பஃபரையே கொடுத்திருக்கிறார்கள். பதில் அதே பஃபருக்குள்தான் திரும்பி வரும் என்பதால், கர்னல் இதை அனுமதித்தால் பஃபரின் எல்லையைத் தாண்டி நினைவகத்தில் எழுத நேரும். ஆகவே கர்னல் மறுப்பது சரியான செயல். பிழை ஃபர்ம்வேரில் இருக்கிறது. நேரில் பார்க்க விரும்பினால் ‘ஏசிபிஐடம்ப்’ கட்டளையால் அட்டவணைகளை எடுத்து, ‘ஐஏஎஸ்எல்’ கருவியால் பிரித்து, அந்த மெத்தடைத் தேடிப் படியுங்கள். எந்தப் பஃபரை அது அனுப்புகிறது என்பது அங்கேயே தெரியும். பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முறையான திருத்தம் அங்கிருந்து வர வேண்டும்.

இதைப் போலவே தோன்றும் இன்னொரு பிழை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ஐபிஎம்ஐ ரீஜனுக்கு ஹேண்ட்லர் இல்லை’ என்றும் ‘ஏஇ நாட் எக்ஸிஸ்ட்’ என்றும் செய்தி வந்தால், பயாஸ் சரியாக இருந்தும் இடையில் நின்று பேச வேண்டிய ‘ஏசிபிஐ ஐபிஎம்ஐ’ மாட்யூல் அந்த நேரத்தில் லோடாகவில்லை என்று பொருள். அங்கே அந்த மாட்யூலை முதலில் லோடு செய்ய வேண்டும் என்று, மாட்யூல்களை லோடு செய்யும் மோட்புரோப் கருவியின் அமைப்பில் ‘சாஃப்ட்டெப்’ வரி ஒன்றைச் சேர்த்தாலே போதும். உங்கள் செய்தி அந்த வகை இல்லை. கர்னல் பஃபரின் நீளத்தைப் பார்த்துவிட்டு மறுத்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள எக்ஸ்போர்ட்டரை நிறுத்திவிட்டு, ஒரு திரையில் ‘டிமெசேஜ்’ கட்டளையைப் பின்தொடரும் முறையில் திறந்து வைத்து, மற்றொரு திரையில் ‘பவர்1 ஆவரேஜ்’ கோப்பை ‘கேட்’ கட்டளையால் படியுங்கள். ஒரு முறை படித்தால் ஒரு தொகுதிப் பிழை வர வேண்டும், படிக்காதபோது எதுவும் வரக் கூடாது.

நெடுவழி சொன்ன வடிகட்டலை நான் ஏற்கவில்லை. 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 5,760 முறை. மூன்று வரிகள் வீதம் 17,280 வரிகள். இவ்வளவு இரைச்சல் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நினைவகப் பிழைகளை ஈடாக் என்ற கர்னல் பகுதி எழுதுவதும், பிராசசர் கண்டறியும் வன்பொருள் பிழைகளைச் சொல்லும் மெஷின் செக் செய்திகள் வந்து விழுவதும் இதே கர்னல் பதிவில்தான். லாக்லெவலைக் குறைப்பவர் அவற்றையும் கண்ணிலிருந்து மறைக்கும் அபாயத்தை ஏற்கிறார். ‘ஏசிபிஐ எரர்’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால், நாளை வேறொரு ஏசிபிஐ பிழை வரும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

தரவுமாடம் எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. நீங்கள் சொன்னபடியே கையால் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதே மூன்று வரிகள் வந்தன, எக்ஸ்போர்ட்டர் நின்றிருந்த நேரம் முழுவதும் பதிவு அமைதியாக இருந்தது. அட்டவணையைப் பிரித்துப் பார்த்ததில் மெத்தடுக்குள் 32 என்ற அளவே எழுதப்பட்டிருக்கிறது. பயாஸ் ஏற்கெனவே கடைசிப் பதிப்பில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு கேள்விகள். எட்ஸ் அடைவில் ‘சென்சார்ஸ்.டி’ என்ற அடைவுக்குள் ஒரு கோப்பு எழுதி, பவர் மீட்டர் சில்லின் பவர்1 அளவீட்டைப் புறக்கணிக்கும்படி ‘இக்னோர்’ வரியைச் சேர்த்தேன். ‘சென்சார்ஸ்’ கட்டளையில் அந்த வரி மறைந்துவிட்டது, ஆனால் பதிவில் பிழைகள் தொடர்கின்றன. ஏன்? இரண்டாவதாக, ஒரு ரேக்கில் எத்தனை சர்வர்களை வைக்கலாம் என்று திட்டமிட எனக்கு வாட் கணக்கு கட்டாயம் வேண்டும். அந்த டிரைவரை நீக்கிவிட்டால் அதை வேறு எங்கிருந்து பெறுவது?

வேர்முனை எழுதியது:

முதல் கேள்விக்கான விடை: அந்த அமைப்புக் கோப்பைப் படிப்பது லிப்சென்சார்ஸ் என்ற நூலகம். அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்கள் மட்டுமே அதற்குக் கட்டுப்படும். நோட் எக்ஸ்போர்ட்டர் சிஸ் அடைவை நேரடியாகப் படிக்கிறது, உங்கள் ‘இக்னோர்’ வரி இருப்பதே அதற்குத் தெரியாது. எக்ஸ்போர்ட்டரிலேயே குறிப்பிட்ட சில்லை மட்டும் விலக்கும் தேர்வு உண்டு. ஆனால் நாளை வேறொரு நிரல் அதே கோப்பைத் திறந்தால் பிழை திரும்ப வரும். வேலை செய்ய வாய்ப்பே இல்லாத டிரைவர் இது என்பதால் அதை லோடாகவிடாமல் தடுப்பதே இங்கே பொருத்தம்.

மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லையும் மாட்யூலின் பெயரையும் எழுதுங்கள். பிளாக்லிஸ்ட் வரி வன்பொருளைக் கண்டு கர்னல் தானாக லோடு செய்வதை மட்டுமே தடுக்கும். யாராவது பெயர் சொல்லி ‘மோட்புரோப்’ கொடுத்தால் மாட்யூல் லோடாகிவிடும். அதையும் தடுக்க வேண்டுமென்றால் அதே கோப்பில் ‘இன்ஸ்டால்’ வரி ஒன்றில் மாட்யூலின் பெயருக்கு எதிரே ‘பின்’ அடைவிலுள்ள ‘ஃபால்ஸ்’ நிரலின் பாதையைக் கொடுக்கலாம். பிறகு, கணினி தொடங்கும்போது பயன்படும் கோப்புத் தொகுப்பைப் புதுப்பிக்க ‘அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையை இயக்குங்கள். ரெட் ஹாட் வகை அமைப்புகளில் அந்த இடத்தில் டிராக்கட் இருக்கும். மறுதொடக்கம் வரை காத்திருக்க வேண்டாம், ‘ஆர்எம்மாட்’ கொடுத்தால் அப்போதே மாட்யூல் நீங்கிவிடும்.

வாட் கணக்குக்கு நேர்வழி இருக்கிறது. ஏசிபிஐ மெத்தட் கேட்க நினைத்ததும் பிஎம்சியிடம்தான். நாம் இடையில் இருக்கும் பயாஸ் மெத்தடை விட்டுவிட்டு பிஎம்சியிடமே கேட்டுவிடலாம். ‘ஐபிஎம்ஐ எஸ்ஐ’, ‘ஐபிஎம்ஐ டெவ்இன்ட்எஃப்’ ஆகிய மாட்யூல்கள் லோடாகியிருந்தால் டெவ் அடைவில் ‘ஐபிஎம்ஐ0’ என்ற சாதனக் கோப்பு தோன்றும். அதன்பின் ‘ஐபிஎம்ஐடூல்’ கட்டளையோடு ‘டிசிஎம்ஐ பவர் ரீடிங்’ என்று கொடுத்துப் பாருங்கள். பிஎம்சி அந்த நெறிமுறையை ஆதரித்தால், அந்தக் கணத்து மின்நுகர்வு, குறைந்த அளவு, உச்ச அளவு, சராசரி ஆகியவை வாட்டில் கிடைக்கும். ஆதரிக்காவிட்டால் பிஎம்சி தரும் ‘எஸ்டிஆர்’ என்ற சென்சார் பட்டியலில் பவர் சப்ளை வரிகளைத் தேடுங்கள்.

இதைக் கண்காணிப்போடு இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிஎம்சியிடம் கேசிஎஸ் இடைமுகம் வழியாகப் பேசுவது மெதுவானது. 15 விநாடிக்கு ஒருமுறை முழு சென்சார் பட்டியலையும் கேட்டால் ‘கேஐபிஎம்ஐ0’ என்ற கர்னல் திரெட் பிராசசர் நேரத்தைத் தின்பதை ‘டாப்’ திரையில் காண்பீர்கள். சிஸ்டம்டி டைமர் ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை ரூட் உரிமையில் ஓடவிட்டு, விடையை எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் அடைவில் எழுதச் செய்யுங்கள். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி எழுதப்பட்ட கோப்பை எக்ஸ்போர்ட்டர் படித்துவிடும். முழுப் பட்டியலும் தேவைப்பட்டால் எஸ்டிஆர் விவரத்தை ஒரு கோப்பில் சேமித்து வைத்து, அதைப் பயன்படுத்தும்படி ‘ஐபிஎம்ஐடூல்’ கருவியிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புதிதாக இறக்கும் நேரம் மிச்சமாகும்.

கருங்குயில் எழுதியது:

இதே இழையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், என் சிக்கலும் சென்சார் டிரைவர் பற்றியதுதான். என்னிடம் இருப்பது பிஎம்சி உள்ள மதர்போர்டில் அமைந்த ஒரு டவர் சர்வர். ‘சென்சார்ஸ் டிடெக்ட்’ இயக்கியபோது வெப்பநிலை, விசிறி வேகங்களை அளக்கும் நுவோட்டான் சில்லைக் கண்டுபிடித்து, என்சிடி6775 மாட்யூலை லோடு செய்யச் சொன்னது. லோடு செய்தால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று மறுக்கிறது. கர்னல் பதிவில், 295 முதல் 296 வரையிலான சிஸ்டம் ஐஓ எல்லை ஏசிபிஐ தனக்கென அறிவித்த ‘ஆப்ரீஜன்’ என்ற பகுதி ஒன்றோடு மோதுகிறது என்ற எச்சரிக்கை இருக்கிறது. தேடிய இடமெல்லாம் ‘ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்’ என்ற கர்னல் அளவுருவுக்கு ‘லாக்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

நெடுவழி எழுதியது:

செய்யலாம். என் மேசைக் கணினியில் அதே அளவுருவைக் கொடுத்துத்தான் விசிறி வேகங்களைப் பார்க்கிறேன். நீண்ட காலமாக எந்தத் தொல்லையும் இல்லை. வேர்முனை அதிகமாக அஞ்சுகிறார் என்று தோன்றுகிறது.

வேர்முனை எழுதியது:

நெடுவழியின் மேசைக் கணினியில் தொல்லை இல்லாமல் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருங்குயிலின் சர்வருக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. மோதல் என்று கர்னல் எதைச் சொல்கிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

பதினாறடிமான எண்ணில் 295, 296 ஆகியவை இரண்டு ஐஓ வாசல்கள். சில்லுக்குள் நூற்றுக்கணக்கான பதிவகங்கள் இருந்தாலும் வெளியே தெரிவது இந்த இரண்டு வாசல்கள்தான். எந்தப் பதிவகம் வேண்டும் என்ற எண்ணை முதலில் 295இல் எழுத வேண்டும், அதன் மதிப்பைப் பிறகு 296இல் படிக்கவோ எழுதவோ வேண்டும். பதிவகங்கள் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், எந்த அடுக்கு என்பதையும் 4ஈ என்ற பதிவகத்தில் முன்கூட்டியே எழுத வேண்டும். ஒரே ஒரு வெப்பநிலையைப் படிப்பதற்கே அடுத்தடுத்துப் பல படிகள் இருக்கின்றன. கர்னல் டிரைவர் 295இல் ஓர் எண்ணை எழுதிய அடுத்த கணத்தில் பயாஸின் ஏசிபிஐ மெத்தட் குறுக்கிட்டு வேறோர் எண்ணை எழுதிவிட்டால், டிரைவர் படிக்கும் மதிப்பு வேறொரு பதிவகத்தினுடையதாகிவிடும். படிப்பதோடு நின்றால் தவறான எண் ஒன்று திரையில் தோன்றிப் போய்விடும். எழுதும்போது இது நடந்தால், வெப்ப எல்லையாக எழுத நினைத்த மதிப்பு விசிறி வேகத்தின் பதிவகத்தில் போய் விழக்கூடும். இரு தரப்பும் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பதற்குப் பொதுவான பூட்டு எதுவும் இங்கே இல்லை. இதனால்தான் 2009இல் வந்த 2.6.31 கர்னலிலிருந்து இந்த அளவுருவின் இயல்பு மதிப்பு ‘ஸ்ட்ரிக்ட்’ என்று ஆனது.

‘லாக்ஸ்’ கொடுத்தால் எச்சரிக்கையைப் பதிவில் எழுதிவிட்டுக் கர்னல் வழிவிட்டுவிடும். அது நீங்கள் நினைக்கும் ஒரு டிரைவருக்கு மட்டும் பொருந்துவதில்லை. எஸ்எம்பஸ் டிரைவர் உட்பட எல்லாவற்றுக்கும் அந்தத் தடை நீங்கிவிடும். ஐடி87 வகைச் சில்லுக்கான டிரைவரில் தனக்கு மட்டும் இந்த மோதலைப் பொருட்படுத்தாமல் இருக்கும் மாட்யூல் அளவுரு தனியாக உண்டு. அந்தச் சில்லை வைத்திருப்பவர்கள் குறைந்தபட்சம் அதைப் பயன்படுத்தலாம்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஏசிபிஐயின் முதன்மை அட்டவணையான டிஎஸ்டிடியைப் பிரித்து, எச்சரிக்கையில் வந்த ஆப்ரீஜனின் பெயரைத் தேடுங்கள். அதன் கீழுள்ள புலங்களை எந்தெந்த மெத்தடுகள் தொடுகின்றன, அந்த மெத்தடுகளை யார் அழைக்கிறார்கள் என்று பின்தொடர்ந்து செல்லுங்கள். தெர்மல் சோன் ஒன்றின் வெப்பநிலை மெத்தட் அங்கே வந்து சேர்ந்தால், கர்னலே அதை அவ்வப்போது அழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், மோதல் உண்மையானது. விண்டோஸில் ஓடும் கருவிக்காக எழுதப்பட்ட டபிள்யூஎம்ஐ மெத்தட் மட்டும் அதைத் தொட்டால், லினக்ஸில் அதை அழைப்பவர் எவரும் இல்லாமல் போகலாம். நெடுவழியின் கணினி இந்த இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்புண்டு. அப்போதும் இயங்குதளத்துக்குத் தெரியாமல் எஸ்எம்எம் என்ற நிலையில் ஓடும் பயாஸ் நிரல் அதே வாசல்களைத் தொடுகிறதா என்பது அட்டவணையில் தெரியாது.

கருங்குயில், உங்கள் போர்டில் பிஎம்சி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் முதலில் ‘ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர்’ என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிஎம்சி உள்ள போர்டுகளில் விசிறிகளின் கம்பிகள் பெரும்பாலும் பிஎம்சியோடுதான் இணைந்திருக்கும். உங்கள் நுவோட்டான் போன்ற சூப்பர் ஐஓ சில்லின் விசிறி ஊசிகள் வெறுமனே கிடக்கும்.

கருங்குயில் எழுதியது:

பார்த்துவிட்டேன். எஸ்டிஆர் பட்டியலில் எல்லா விசிறிகளின் வேகமும், பிராசசர், நினைவகம், உள்ளே வரும் காற்று ஆகியவற்றின் வெப்பநிலையும் முழுமையாக இருக்கின்றன. டிஎஸ்டிடியில் தேடியதில் ஒரு தெர்மல் சோனின் மெத்தட் அந்தப் பகுதியைப் படிப்பது உறுதியாகத் தெரிகிறது. ஆகவே ‘லாக்ஸ்’ யோசனையைக் கைவிட்டு, என்சிடி6775 பெயரை மாட்யூல் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன். கோர்டெம்ப் அப்படியே இருக்கிறது.

நெடுவழி எழுதியது:

விளக்கத்துக்குப் பிறகு என் கணினியின் அட்டவணையையும் பிரித்துப் பார்த்தேன். டபிள்யூஎம்ஐ மெத்தட் மட்டும்தான் அந்த வாசல்களைத் தொடுகிறது. அதனால் தற்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். அதே என்சிடி6775 பட்டியலில் ‘ஆக்ஸ்டின்’ என்ற பெயரில் ஒரு வரி எப்போதும் 127 டிகிரி காட்டுகிறது, மற்றொன்று உறைநிலைக்கும் கீழே போகிறது. இதுவும் மோதலின் விளைவா? விசிறிகளைக் கட்டுப்படுத்த ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ இயக்கலாமா?

வேர்முனை எழுதியது:

மோதலால் வரும் தவறான எண் எப்போதாவது ஒரு முறை துள்ளிவிட்டு மறையும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் 127 பெரும்பாலும் எதுவும் இணைக்கப்படாத ஊசி தரும் மதிப்பு. சில்லில் பல உள்ளீடுகள் உண்டு, அவற்றுள் எவற்றைப் பயன்படுத்துவது என்பது போர்டைத் தயாரித்தவரின் முடிவு. பிராசசருக்கு வேலை கொடுத்துப் பார்த்தும் அந்த எண் அசையவில்லை என்றால், அதை ‘சென்சார்ஸ்.டி’ கோப்பில் புறக்கணித்துவிடலாம். உங்கள் நிரல் லிப்சென்சார்ஸ் வழியாகப் படிப்பதாக இருந்தால் அது போதும்.

மின்னழுத்த வரிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 12 வோல்ட்டை அந்தச் சில்லால் நேராக அளக்க முடியாது. இரண்டு ரெசிஸ்டர்களால் குறைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். அந்த விகிதம் போர்டுக்குப் போர்டு மாறும். சரியான விகிதத்தை ‘கம்ப்யூட்’ வரியில் கொடுக்காதவரை 12 வோல்ட் வரியில் 1 வோல்ட்டுக்கு அருகிலான எண் தெரிந்தால் அது பவர் சப்ளையின் குறையன்று.

‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேலைப்பளுவில் இருக்கும் எந்தக் கணினியிலும் அதை இயக்காதீர்கள். எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு உரியது என்று கண்டறிய அது ஒவ்வொரு விசிறியையும் சில விநாடிகள் நிறுத்திப் பார்க்கும். அத்தோடு அது எழுதும் வேலை. ‘லாக்ஸ்’ கொடுத்த கணினியில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

தரவுமாடம் எழுதியது:

பவர் மீட்டர் மாட்யூலை நீக்கிய பின் பதிவு தூய்மையாகிவிட்டது. டிசிஎம்ஐ வழியாக வாட் கணக்கும் கிடைக்கிறது. ஆனால் மறுதொடக்கத்துக்குப் பிறகு, பிராசசர் வெப்பநிலைக்காக நாங்கள் எழுதி வைத்திருந்த ஷெல் நிரல் வேறு ஏதோ மதிப்பைக் காட்டுகிறது. அது எச்டபிள்யூமான்3 அடைவிலுள்ள ‘டெம்ப்1 இன்புட்’ கோப்பைப் படிக்கிறது. மாட்யூலை நீக்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வேர்முனை எழுதியது:

உண்டு. அந்த 3 என்பது டிரைவர்கள் பதிவான வரிசையில் கிடைத்த எண், எந்தச் சில்லுக்கும் நிலையாக உரியதில்லை. பவர் மீட்டர் போனதும் அதற்குப் பின்னால் பதிவானவை ஓர் இடம் முன்னே நகர்ந்திருக்கும்; கர்னல் மாறினாலும், மாட்யூல்கள் லோடாகும் வரிசை மாறினாலும் இதேதான் நடக்கும். ஒவ்வொரு எச்டபிள்யூமான் அடைவிலும் ‘நேம்’ என்ற கோப்பு இருக்கிறது. எல்லா அடைவுகளையும் சுற்றி வந்து, எதில் ‘கோர்டெம்ப்’ என்று எழுதியிருக்கிறதோ அதை எடுக்கும்படி நிரலை மாற்றுங்கள். உங்களிடம் இரண்டு பிராசசர்கள் இருப்பதால் அந்தப் பெயர் இரண்டு அடைவுகளில் வரும். எது எந்தப் பிராசசருக்கு உரியது என்பதை அதே அடைவிலுள்ள ‘டிவைஸ்’ இணைப்பு எங்கே சுட்டுகிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம், அது கோர்டெம்ப் 0, கோர்டெம்ப் 1 என்று முடியும். டெம்ப்1 என்பதையும் நேரடியாக நம்பாமல், ‘டெம்ப்1 லேபிள்’ கோப்பில் ‘பேக்கேஜ்’ என்ற சொல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு மதிப்பை எடுங்கள். மதிப்பு மில்லிடிகிரியில் வரும், 1000ஆல் வகுக்க வேண்டும்.